சாய்ந்த குறி

முதல் மூன்று குண்டுகளும் வலப்பக்கம் போய் விழுந்ததில் முப்பிடாதிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. துப்பாக்கியில் குறிபார்க்கப் புதிதாக மாட்டிய சைட்டு முதல் தடவையே நடுவில் அடித்துவிடும் என்று எதிர்பார்க்கிறவள் இல்லை அவள். மூன்றும் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் போதும், எங்கே விழுந்திருந்தாலும் அங்கிருந்து நடுவுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்துக் குனிந்திருந்த அருளப்பன், "வலத்த ஆறு சென்டி, கீழ நாலு. மூணும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள்ள அடங்கிரும்" என்றான். எலுமிச்சம்பழம் என்றால் சரி. எலுமிச்சம்பழத்தை நகர்த்துவது லேசு. சிதறிய மிளகைத்தான் நகர்த்த முடியாது. அவள் துப்பாக்கியை மணல் மூட்டைமேல் கிடத்திவிட்டுக் காதுமூடியைக் கழுத்துக்குத் தள்ளினாள். மலையடிவாரத்துத் துப்பாக்கி ரேஞ்சில் காலை ஏழு மணி வெயில் இன்னும் மண்மேட்டின் உச்சியைத்தான் தொட்டிருந்தது. இருபத்தைந்து மீட்டரில் நிற்கும் அட்டை நிழலில் இருந்தது. ஒன்பதுக்குள் முடித்துவிடலாம், பத்துக்கு டி.எஸ்.பி. கூப்பிட்டிருக்கிறார், நடுவில் குளித்துச் சீருடை மாற்ற நேரம் இருக்கிறது. துப்பாக்கியின் தலைமேல் எப்போதும் இருக்கிற கண்ணாடி சைட்டு இருந்தது. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி, அதை ஆள்மேல் வைத்தால் குண்டு அங்கே போகும். அதற்கு வலப்பக்கத்தில், பாதி சரிந்த மாதிரி, நேற்று சாயங்காலம் படைக்கலப் பிரிவில் மாட்டிக் கொடுத்த இரும்பு சைட்டு. முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு வளையம், அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, கண்ணாடி கிடையாது. மேலே இருப்பது கண்ணை மூடிவிட்டால் துப்பாக்கியை இடப்பக்கமாக உருட்ட வேண்டும், பக்கவாட்டில் சரிந்து கிடந்த முள் நிமிர்ந்து கண்ணுக்கு நேரே வந்துவிடும். இதைக் கேட்டு மனு எழுதியவள் அவள்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் நடந்ததற்குப் பிறகு எழுதியது. மனுவில் காரணம் என்று ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தியை நினைத்தால் நாக்கில் இரும்புச் சுவை வருகிறது, வேண்டாம், இப்போது பன்னிரண்டு கிளிக்.

பின்வளையத்தின் சக்கரம் ஒரு கிளிக்குக்கு அரை சென்டி நகர்த்தும். ஆறு சென்டி இடப்பக்கம் வர வேண்டும், பன்னிரண்டு. அவள் கட்டைவிரலால் சக்கரத்தைத் திருப்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று, விரலுக்குள் ஒரு சின்ன எலும்பு சொடுக்குவதுபோல் ஒவ்வொன்றும் கேட்டது. விரல் எண்ணும்போது தலை எண்ண வேண்டாம். அம்மாவுக்கு அப்படித்தான், பீடி சுற்றும்போது ஊர்க்கதை எல்லாம் பேசுவாள், சண்டை போடுவாள், டிவியைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பாள், கை மட்டும் இருபத்தைந்தில் நின்று நூலைச் சுற்றிவிடும், இருபத்தாறு என்று ஒரு கட்டு வந்ததே இல்லை. நான்கு, ஐந்து. ஒன்றரை விநாடி என்பதை எப்படி எண்ணுவது. ஒன்று என்று சொல்லி, இரண்டு என்று வாய் திறந்து, சொல்லாமல் விட்டால் ஒன்றரை. விசாரணையில் அந்தப் படத்தை ஓடவிட்டபோது அவள் அப்படித்தான் எண்ணினாள். மூன்றாவதாக உள்ளே வந்தவனின் ஹெல்மெட்டில் இருந்த கேமராவில் எடுத்தது அது. மழை, கதவு, அருளப்பனின் முதுகு இடப்பக்க மூலைக்குத் திரும்புகிறது, அவள் துப்பாக்கி வலப்பக்க மூலைக்கு எழும்புகிறது, எழும்பி நிற்கிறது, நிற்கிறது. ஆறு, ஏழு. ஒன்று, இர. அப்புறம் அந்த மூலையில் நிற்கிறவன் சுடுகிறான், அப்புறம்தான் அவள் சுடுகிறாள். படத்தில் எல்லாம் இருந்தது, அவள் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதைத் தவிர. "கண்ணாடியில் மழைநீர் படிந்து குறி மங்கியிருந்தது" என்று அறிக்கை. எட்டு, ஒன்பது, பத்து. மங்கியிருந்தது உண்மை. அதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. பதினொன்று, பன்னிரண்டு. விரல் நின்றது. சந்தேகம் வரவில்லை, பன்னிரண்டுதான். பிறகு முன்முள்ளுக்குப் போனாள். குண்டு மேலே ஏற வேண்டும் என்றால் முள்ளைக் கீழே இறக்க வேண்டும். எல்லாரும் தடுமாறுகிற இடம், கமாண்டோ பயிற்சியில் எத்தனை பேர் மேலே ஏற்றி ஏற்றி மண்மேட்டின் அடியைச் சுட்டிருக்கிறார்கள். அவள் ஒருநாளும் தடுமாறியதில்லை. முள்ளுக்குக் கிளிக்குக்கு ஒரு சென்டி. நான்கு சென்டி, நான்கு கிளிக், கீழே.

இரண்டாவது தடவை துப்பாக்கியை உருட்டித் தோளில் வைத்தபோது அது இன்னும் விருந்தாளிமாதிரிதான் இருந்தது. பத்து வருஷமாக ஒரே மாதிரி பொருந்தி உட்கார்ந்த துப்பாக்கிக் கட்டை இப்போது விளிம்பில் நிற்கிறது, வலது முழங்கை காற்றில் எழும்புகிறது, அடியில் தொங்க வேண்டிய மேகசின் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை, பழகும். சுடிதார் போட்டு வளர்ந்தவளுக்குக் காக்கி பேண்ட் முதல் ஒரு வாரம் இப்படித்தான் இருந்தது. மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, முள்ளின் தலையை வளையத்தின் நடுவில் வைத்தாள். முதல் குண்டு. இரண்டாவது. அப்போது கழுத்துக்குப் பின்னால், காலருக்குள், சுரீரென்று ஒன்று இறங்கியது. மூன்றாவது அவள் கையை மீறிப் போய்விட்டது. துப்பாக்கியை உருட்டிப் பிடித்தால் காலித் தோட்டா வெளியே தெறிக்கிற வாசல் வானத்தைப் பார்க்கும், தெறித்தது நேரே மேலே போய்த் தலைமேலேயே விழும், இது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் கழுத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பாதுகாப்பு லிவரைப் போட்டுவிட்டுத்தான் காலருக்குள் கைவிட்டாள். பித்தளை இன்னும் சுட்டது. "ரெண்டு ஒட்டிக்கிட்டு நடுவுல இருக்கு. மூணாவத ஏன் ஆகாசத்துக்கு அனுப்பின?" என்றான் அருளப்பன். அவள் விரல்களுக்கு நடுவே பிடித்திருந்த காலித் தோட்டாவைக் காட்டினாள். "சட்டைக்குள்ள போயிட்டு." அவன் சிரித்தான். மூன்று மாதத்தில் அவள் கேட்கிற முதல் சிரிப்பு. சிரிக்கும்போது இடது தோள் மட்டும் குலுங்கவில்லை, அதை அவன் மடியில் ஒரு சாமானை வைத்திருப்பதுபோல் வைத்திருந்தான். வலது கையால் தன் துண்டை எடுத்து வீசினான். "கழுத்தச் சுத்திக் கட்டு. இதுக்குத்தான் ஆளு இருக்கணும்ங்கது." அவள் சுற்றிக் கட்டினாள். துண்டில் தைல வாசனை அடித்தது. தோள்பட்டைக்குத் தேய்ப்பான் போலிருக்கிறது. அன்றைக்கு அவன் சட்டையிலிருந்து வந்த வாசனை வேறு. ஈரத்துணி கருகினால் வருகிற வாசனை, மழை வாசனையும் தேயிலைத்தூள் வாசனையும் அதோடு சேர்ந்துகொண்டது, நாட்டுத் துப்பாக்கியின் சில்லுகள் தோளில் ஏழு இடத்தில் இறங்கியிருந்தன, அவன் சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தான், யாரோ நாற்காலி போட்டுக் கொடுத்த மாதிரி மரியாதையாக உட்கார்ந்தான். அறையில் பிடித்து வைக்கப்பட்டிருந்த எஸ்டேட் கிளார்க்கின் மனைவியும் அவர் மகளும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்தார்கள், கீறல் இல்லை. அவர்களைப் பிடித்து வைத்திருந்தவனுக்குத் தொடையில் ஒரு குண்டு, அவளுடையது, பிழைத்துக்கொண்டான். எல்லாக் கணக்கும் நன்றாக முடிந்தது என்று பேப்பரில் போட்டார்கள். யாருமே சாகாத ஒரு நாளை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். நாக்கில் அந்தச் சுவை.

மூன்றாவது தடவை அவள் ஐந்து சுட்டாள். துண்டு கழுத்தில் இருந்தது, தோட்டா ஓடுகள் தலையில் பட்டுப் பட்டு உருண்டன, அசையவில்லை. ஆனால் அருளப்பன் தொலைநோக்கியைத் திருகி இன்னொரு தடவை பார்த்தான். பிறகு, "சாய்ஞ்சு கெடக்கு. கீழ இடத்துலேருந்து மேல வலத்துக்கு, ஏணி வச்ச மாதிரி" என்றான். அவள் தானே குனிந்து தொலைநோக்கியில் பார்த்தாள். ஏணிதான். சைட்டு ஆடுகிறதா, திருகு தளர்ந்ததா, கையால் அசைத்துப் பார்த்தாள், கல்லுமாதிரி நின்றது. அப்படியென்றால் சைட்டு இல்லை. அவள்தான். எப்போதும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது, திருகு சரியாக இருக்கிறது, முள் சரியாக இருக்கிறது, மிச்சம் யார். யோசி. ஒவ்வொரு குண்டுக்கும் உருட்டுகிற அளவு மாறுகிறது, ஒரு தடவை கொஞ்சம் கூட, ஒரு தடவை கொஞ்சம் குறைய. முள் வளையத்துக்குள் நடுவில்தான் இருக்கிறது, ஆனால் முள்ளே செங்குத்தாக நிற்கவில்லை. கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? கண்ணும் கூடவே சாய்கிறது. சட்டென்று மகள் வர்ணிகா நினைவில் வந்தாள். ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு, இடது கண் சோம்பேறி என்று டாக்டர் சொன்னார், அப்படியே அந்த வார்த்தையைத்தான் சொன்னார், பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்ல கண்ணை மூடி பிளாஸ்டர் ஒட்டிவிட்டால் மூளைக்கு வேறு வழியில்லாமல் சோம்பேறிக் கண் வேலை பழகும் என்றார். தினமும் நான்கு மணி நேரம். ஒட்டிவிட்ட முதல் நாள் வர்ணிகா தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பி, பிளாஸ்டரின் ஓரச் சந்து வழியாக நல்ல கண்ணாலேயே பார்க்கப் பார்த்தாள், கள்ளி. அவள் அப்பா மெக்கானிக் ஷாப்பிலிருந்து வந்து, "புத்திசாலிடி என் மவ" என்று மெச்சிக்கொண்டார். டாக்டர் மெச்சவில்லை. "தலையைத் திருப்ப விடாதீங்கம்மா. தலை நேரா இருந்தாத்தான் கண்ணு படிக்கும்." தலை. முப்பிடாதி துப்பாக்கியை எடுத்து உருட்டித் தோளில் வைத்து, அப்படியே நின்று, "அண்ணே, என் தலையப் பாருங்க" என்றாள். அருளப்பன் பார்த்தான். "தலையக் கொண்டுபோயி துப்பாக்கிக்குக் கொடுக்குற நீ. அது வராதா ஒங்கிட்ட?" அதேதான். பத்து வருஷப் பழக்கத்தில் கன்னம் கட்டையைத் தேடிப் போகிறது, கட்டை சாய்ந்தால் கன்னமும் சாய்கிறது. அவள் தலையை நிமிர்த்தி, அட்டையை இரண்டு கண்ணாலும் பார்த்து, பிறகு துப்பாக்கியை முகத்துக்கு ஏற்றி உருட்டினாள். முள் செங்குத்தாக வந்து நிற்கிற இடம் எது என்று தோள் குழி குறித்துக்கொண்டது. இறக்கினாள், ஏற்றினாள், இருபது தடவை, குண்டு இல்லாமல். இருபத்தோராவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி, பிறகு திறந்தாள். முள் நிமிர்ந்து நின்றது. சரி, இனிமேல் இது மறக்காது. அவளுக்கு அவள் உடம்பைத் தெரியும், ஒரு தடவை பிடித்துக்கொண்டதை அது விட்டதே இல்லை, நீச்சலானாலும் சரி, இரு சக்கர வண்டியானாலும் சரி.

நான்காவது தடவை ஐந்தும் நடுவில் விழுந்தன. அருளப்பன் "ம்" என்றான், அந்த "ம்" போதும். இன்னும் ஐந்து சுட்டு உறுதி செய்துகொண்டாள், எழுந்துபோய் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தாள், பத்துத் துளையையும் ஒரு டீ கிளாஸ் வாயால் மூடிவிடலாம். முள்ளின் திருகிலும் வளையத்தின் சக்கரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தாள், அசைந்தால் கோடு காட்டிக்கொடுக்கும். மணி எட்டேகால். வேலை முடிந்தது. முடிந்த வேலைக்கு முன்னால் சும்மா நிற்கும்போதுதான் மற்றது வந்து நிற்கிறது. கண்ணாடிமேல் கறுப்பு டேப் ஒட்டி, ஏழு மீட்டரில் நின்று, பீப் சத்தத்துக்குத் துப்பாக்கியை உருட்டிச் சுட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் கடைசிப் பயிற்சி, அவளே எழுதி வைத்திருந்தாள். அந்த அறையின் அளவு ஏழு மீட்டர்தான், கதவிலிருந்து வலது மூலைக்கு. டேப்பைக் கிழித்துக் கண்ணாடிமேல் ஒட்டினாள். ஒட்டி விரலால் நீவினாள். இப்போது கண்ணாடி குருடு. அன்றைக்கு இப்படியா இருந்தது? இல்லை. அன்றைக்குத் தண்ணீர் வழிந்தது, சிவப்புப் புள்ளி கலங்கி, குங்குமம் மழையில் நனைந்த மாதிரி ஒரு தீற்றலாக நின்றது. புள்ளி கலங்கியிருந்தது. ஆள் கலங்கவில்லை. தீற்றல் அவன் நெஞ்சுமேல்தான் இருந்தது, ஏழு மீட்டரில் அது தாராளம், ஏழு மீட்டரில் சைட்டே வேண்டாம், குழாயை நீட்டினால் போதும், அவள் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்த பாடம் அது. அவன் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தான். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தான். மேல் பொத்தான் இரண்டாவது துளையில், இரண்டாவது மூன்றாவதில், கீழே ஒரு பக்கம் இறங்கிப்போய்த் தொங்கியது, யாரோ எழுப்பிவிட, அவசரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்த ஆள் மாதிரி. அவள் அதைப் பார்த்தாள். பொத்தானைப் பார். மாற்றிப் போட்டிருக்கிறான். யாருமே சொல்லவில்லையா இவனிடம். ஒன்று, இர. அவ்வளவுதான் நடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. சொல்லாததோடு நிற்காமல், கண்ணாடிதான் காரணம் என்று மனுவும் எழுதினாள், கண்ணாடி மங்கியும் பொருட்படுத்தாமல் செயல்பட்டாள் என்று அவளுக்கு ஒரு பதக்கத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறார்கள், பத்து மணிக்கு அந்தத் தாள் டி.எஸ்.பி. மேசைமேல் இருக்கும், இன்னொரு தாளில் உள்ளே நுழைகிற அணிக்கு இனி முதல் ஆள் யார் என்று இருக்கும், அருளப்பன் நின்ற இடம் அது.

"அண்ணே," என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்கி எஸ்டேட்டுல, கண்ணாடி இல்ல."

"கண்ணாடி இல்லன்னா?"

"தண்ணி இருந்தது நெசம். ஆனா ஆளு தெரிஞ்சான். நல்லாவே தெரிஞ்சான். நான் நின்னுட்டேன்."

அருளப்பன் தொலைநோக்கியின் மூடியை எடுத்துப் பொருத்தினான். ஒரு கையால் பொருத்தியதால் இரண்டு தடவை நழுவியது. அவள் உதவிக்குப் போகவில்லை. மண்மேட்டுக்கு அப்பால் மயில் ஒன்று கரகரத்தது.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நின்ன?"

"சட்ட பொத்தான. மாத்திப் போட்டிருந்தான்."

அவன் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. "கண்ணாடின்னு விசாரணைல மொதல்ல சொன்னதே நாந்தான், தெரியும்லா? ஒன் கண்ணாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அந்த மூலையப் பாத்துத் திரும்பி நிக்கேன்."

"பெறகு ஏன் சொன்னிய?"

"கட்டுப் போட்டுப் படுத்திருக்கும்போது வந்து கேட்டாவ. நீ நின்னுட்டன்னு சொன்னா ஒன்னயத் தூக்கிருவாவ. தோளும் போயி நீயும் போனா, எல்லாம் வீணாயிரும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "கோவம் இல்லன்னு நெனைக்காத. வலி எடுக்கும்போதெல்லாம் ஒன்னய வையத்தான் செய்வேன்."

"வையிங்க."

"வஞ்சாச்சு." அவன் எழுந்தான். "வயர்லெஸ் பிரிவுக்குக் கேட்டிருக்கேன். அடுத்த மாசம் போயிருவேன். இந்தக் கை துப்பாக்கி தூக்காது, டாக்டரு எழுதிக் கொடுத்துட்டாரு. ஒங்கிட்டச் சொல்லணும்னுதான் இன்னைக்கி வந்தேன்."

அவள் கழுத்துத் துண்டின் முடிச்சை இறுக்கினாள். சொல்ல இருந்தது எல்லாம் சின்னதாக இருந்தது. அவன் அவள் சட்டைப் பையிலிருந்த மார்க்கரை எடுத்துக்கொண்டு அட்டையைப் பார்த்து நடந்தான். ஏழு மீட்டரில் நிறுத்தியிருந்த புது ஆள்வடிவ அட்டை. அதன் நெஞ்சில் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தான், பக்கத்தில் பொத்தான்கள் வரைந்தான், ஒவ்வொன்றையும் ஒரு துளை தள்ளித் தள்ளி, கீழே ஒரு பக்கம் தொங்குகிற மாதிரி. குழந்தை வரைந்த சட்டை மாதிரி இருந்தது. திரும்பி வந்து நேரம் காட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். "பொத்தானப் பாரு. பாக்காம இருக்காத. நல்லாப் பாத்துட்டுச் சுடு."

அவள் காதுமூடியை ஏற்றினாள். இதயம் அடிப்பது மூடிக்குள் பெரிதாகக் கேட்டது. தலை நேராக. அட்டையைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள், மூன்றாவது பொத்தான் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டிருந்தது, அருளப்பனுக்குப் படம் வராது. பீப். துப்பாக்கி எழும்பியது, கறுப்பு டேப் கண்ணுக்கு முன்னால் ஒரு சுவராக வந்தது, கை தானாக உருட்டியது, முள் நிமிர்ந்து வந்தது, முள்ளுக்குப் பின்னால் மாறிப்போன பொத்தான்கள் எல்லாம் அப்படியே இருந்தன, சுட்டாள். ஓடு தலையில் பட்டு விழுந்தது. "ஒன்னு பத்து" என்றான், ஒரு விநாடியும் நூறில் பத்துப் பங்கும். திரும்ப. பொத்தான், பீப், சுவர், முள், பொத்தான். "தொண்ணூறு." திரும்ப. இப்போது அவளுக்கு ஒன்று பிடிபட்டது, சொல்லாகப் பிடிபடவில்லை, தோள் பிடித்துக்கொண்ட மாதிரிதான் பிடிபட்டது. மூன்று மாதமாக அவள் அந்தப் பொத்தான்களைப் பார்த்ததைத்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அடுத்த தடவை ஆளைப் பார்க்கவே கூடாது, கல்லாகிவிட வேண்டும், புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பார்ப்பதில் என்ன இருக்கிறது. பார்க்காமல் எப்படித் தெரியும், எதிரே நிற்பது அவனா, கிளார்க்கின் மகளா என்று? பார்க்கலாம். பார்த்துக்கொண்டே கை வேலையைச் செய்யலாம், அம்மா டிவியைப் பார்த்து அழுதுகொண்டே நூல் சுற்றிய மாதிரி. அன்றைக்குக் கண் நின்றது, கூடவே கையும் நின்றது, கை நின்றிருக்க வேண்டியதில்லை. "எம்பது" என்றான் அருளப்பன். "இன்னும் வேணுமா?" "இன்னும் பத்து" என்றாள். பத்தில் ஒன்றுகூடத் தொண்ணூறைத் தாண்டவில்லை. கடைசியில் அந்தச் சட்டையின் நெஞ்சில் பொத்தான் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் அட்டையைக் கழற்றிச் சுருட்டி அவள் கையில் கொடுத்தான்.

பத்து மணிக்கு டி.எஸ்.பி. மெய்யழகன் மேசைக்கு முன்னால் அவள் விறைப்பாக நின்றாள். அவர் இருபத்தைந்து மீட்டர் அட்டையைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். மேசைமேல் பதக்கத்துக்கான தாள் கிடந்தது, அவள் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ஆரம்பம் அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை.

"சார், அந்தத் தாள்ல ஒரு வரி தப்பு."

எந்த வரி என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். தண்ணீர், தீற்றல், பொத்தான், ஒன்றரை விநாடி, எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அருளப்பன் ஆஸ்பத்திரியில் சொன்னதை மட்டும் விட்டுவிட்டாள், அது அவன் சொல்ல வேண்டியது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ சொல்லலேன்னா இது யாருக்கும் தெரிய வராது."

"எனக்குத் தெரியும் சார்."

"அப்ப இந்த சைட்டு எதுக்குக் கேட்ட? கண்ணாடிதான் காரணம்னு உன் கையெழுத்துல மனு இருக்கு."

"கண்ணாடியும் ஒரு காரணம் சார். இப்ப அது தீந்துட்டு. மிச்சம் நான் ஒருத்திதான். என்னய நான் பாத்துக்கிடுவேன்."

அவர் அவளையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை. பிறகு பதக்கத் தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். இதைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றார், விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றார், இன்றைக்கே. அவள் சரி என்றாள். இன்னொரு தாளில் முதல் ஆள் என்ற இடம் காலியாக இருந்தது, அவர் அதைப் பேனாவின் பின்முனையால் இரண்டு தடவை தட்டினார். "ஒரு மாசம். பயிற்சியில முதல் ஆளா நில்லு. நான் வந்து பார்க்கிறேன். திருப்தி இல்லேன்னா மாத்திடுவேன்." அவள் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள்.

அருளப்பன் வேப்பமர நிழலில் வண்டிமேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவனிடம் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை, முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சொன்னாரு?"

"ஒரு மாசம் பாப்பாராம்."

"போதுமா?"

முப்பிடாதி வண்டிமேல் போட்டுவிட்டுப் போயிருந்த அவன் துண்டை எடுத்து உதறி, மடித்து, அவனுடைய நல்ல கைப்பக்கமாக நீட்டினாள்.

"தாராளம்" என்றாள்.